ராஸ் வாங்கப் போறீங்களா, அது ராத்திரி எங்க தூங்கும்னு முதல்ல பாருங்க

ரீஃப் டேங்க்குக்கு, அதாவது பவளம் வளர்க்குற உப்புத்தண்ணித் தொட்டிக்கு, ராஸ் (wrasse) மாதிரி கலரான சுறுசுறுப்பான மீனு வேற இல்லன்னே சொல்வேன், ஆனா இந்தக் குடும்பத்துல 500க்கும் மேல இனம் இருக்கு, அதுல கலரை மட்டும் வச்சு எது என்னன்னு சொல்லிடலாம்னு நினைக்காதீங்க. குஞ்சுக்கு ஒரு கலர், பொட்டைக்கு ஒரு கலர், ஆணுக்கு வேற, போதாததுக்கு பொட்டையே வளர்ந்து ஆணா மாறிடும். அதனால எது எங்க தூங்கும்னு தெரிஞ்சுக்கிட்டா வளர்க்குற முறையில பாதி அங்கயே முடிவாயிடும்.

ராஸ்லயே ஹாலிகோரஸ், லெபர்ட், கோரிஸ் வகையெல்லாம் மணல்ல புதைஞ்சு தூங்குற கூட்டம். நைசான மணல் ஒரு 5 செ.மீ.க்கு மேல போடணும், கரடுமுரடான பவளத்தூள் போட்டா உடம்பு கீறி புண்ணாகும். புதுசா விட்டதும் நாலஞ்சு நாள் வெளிய வராமலே கிடக்கும், செத்துடுச்சோன்னு பயந்து தயவுசெஞ்சு தோண்டிப் பாக்காதீங்க, அதுக்கு அந்த அமைதி வேணும். க்வாரண்டைன்ல, அதாவது புது மீனைத் தனித் தொட்டியில, வச்சாலும் ஒரு டப்பாவுல மணல் போட்டு வச்சிடுங்க.

ஃபேரி, ஃப்ளாஷர், சிக்ஸ் லைன் இதுங்களுக்கு மணல் தேவையில்ல, பாறை இடுக்குல சளியால ஒரு கூடு கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்கும். காலைல கண்ணாடிப் பை மாதிரி ஏதோ மிதந்தா பதறாதீங்க, அந்தக் கூடுதான். ஆண் ஃப்ளாஷருக்கு முதுகுத் துடுப்புல பெரும்பாலும் நூல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ஃபேரியிலருந்து பிரிச்சுப் பாக்க அது உதவும்.

குஞ்சு விஷயத்துல ரொம்ப உஷாரா இருங்க. ஆரஞ்சு சிவப்புல கருப்பு ஓரம் வச்ச வெள்ளைப் பட்டையோட கொள்ளை அழகா ஒரு குஞ்சு வரும், அது ரெட் கோரிஸ், வளர்ந்தா 40 செ.மீ. வரைக்கும் போகும், பாறையைப் புரட்டும், நத்தை நண்டையெல்லாம் தின்னும். மஞ்சளா வர்ற யெல்லோ கோரிஸ் உண்மைல ஹாலிகோரஸ் வகை, சாதுவானது, ஆரம்பிக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மெலனுரஸும் நல்லது, தட்டைப்புழுவையும் கிளிஞ்சலை அரிக்கிற குட்டி நத்தையையும் தேடித் தேடி சாப்பிடும். லெபர்ட் வேணும்னா கோபிபாட்ங்கிற பொடி உயிரினம் நிறைஞ்ச பழைய டேங்க் வேணும். க்ளீனர் ராஸை கடல்லயே விட்டுடுங்க, மத்த மீனோட ஒட்டுண்ணியைத் தின்னு வாழுற ஜீவன், வீட்டுல பெரும்பாலும் பட்டினியிலயே போயிடும்.

மூடி இல்லாம எந்த ராஸும் வேண்டாம். எல்லாமே துள்ளும், லைட் சட்டுனு அணைஞ்சா இன்னும் மோசம், ஒயர் போற ஓட்டையைக்கூட விடாம சின்னக் கண்ணு வலையால மூடுங்க.

சிக்ஸ் லைன் வேணும்னா கடைசியா விடுங்க, முன்னாடியே விட்டா டேங்க்கே தன்னோடதுன்னு பின்னால வர்ற மீனையெல்லாம் விரட்டும். சாப்பாடு ஒரு வேளை மட்டும் போட்டா பத்தாது, நாள் பூரா நீந்துற மீனு, மைசிஸ் (இறால் மாதிரி ஒரு பொடி உயிரினம்) மாதிரி ஃப்ரோசன் தீனி கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு தடவை போடுங்க, வயிறு உள்வாங்கித் தெரிஞ்சா இன்னும் கூட்டுங்க.