விசாகப்பட்டினத்தைச் சமதரைக் கணக்கில் அளக்காதீர்கள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் சமதரையின் விளிம்பு. காசிமேடு வரை நடந்து போனாலும் கால் எங்கும் மேடேறாது. அதே கண்ணோடுதான் எங்கள் பகுதியில் பலரும் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்புகிறோம். மாலையில் சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினால் மறுநாள் காலை இறங்கிவிடலாம், அங்கும் துறைமுகம், அங்கும் மீன்பிடிப் படகுகள், நம் ஊர் மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறோம். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் பயணத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தவறாகச் செய்தேன்.

தவறு டிக்கெட் எடுக்கும்போதே தொடங்கியது. விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போகும் ஹவுரா ரயில்கள் திசை திரும்பித்தான் வெளியே வர வேண்டும். அந்த நேரம் வீணாகாமல் இருக்க, வடக்கே போகும் பல ரயில்கள் ஊருக்குள் நுழையாமல் துவ்வாடாவில் நின்றுவிட்டுப் போய்விடுகின்றன. அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 17 கி.மீ. இது தெரியாமல், நடுராத்திரியில் அம்மாவையும் நான்கு பைகளையும் வைத்துக்கொண்டு துவ்வாடாவில் ஆட்டோ தேடியிருக்கிறேன். டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

அடுத்தது கடல். இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குக் கடல் தெரியும் என்ற நினைப்பு உண்டு. விசாகப்பட்டினத்தின் கரை பல இடங்களில் சட்டென்று சரிகிறது. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்த அக்கா மகன் இன்னும் இரண்டடி வைத்தபோது இடுப்பு வரை இறங்கிவிட்டான். திரும்பிப் போகும் அலை காலுக்கடியில் இருந்த மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், செருப்பு போய்விட்டது. ராமகிருஷ்ணா கடற்கரையிலும் யாராடாவிலும் இந்த இழுப்பால் உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே கரையில் உட்கார்ந்து பாருங்கள், அதுவே போதும். தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ருஷிகொண்டா கடற்கரைக்குப் போய், உயிர்காக்கும் காவலர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் சொல்லும் எல்லைக்குள் இறங்குங்கள்.

அதே ராமகிருஷ்ணா கடற்கரையில்தான் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்த, 91 மீட்டர் நீளக் கப்பல். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் வெளியே நின்று திரும்புகிறவர்கள் ஏராளம். கிழக்குக் கடற்படையின் தலைமையகம் இந்த ஊர் என்பதால், கடற்படைப் பகுதிகளின் பக்கம் கைப்பேசிக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

இனி மலை. அரக்குப் பள்ளத்தாக்கு விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 115 கி.மீ. ராயபுரத்திலிருந்து திண்டிவனம் போகும் தூரம்கூட இல்லை, காலையில் போய் இரவுக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பும் கிரண்டுல் ரயில் அரக்கு போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சத்தீஸ்கரில் உள்ள பைலடிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக 1960களில் போடப்பட்ட பாதை அது. சுரங்கப் பாதைக்குள் நுழைவதும், வெளியே வந்தால் பாலத்தின் மேல் நிற்பதுமாகப் போகும் அந்தப் பயணத்துக்காகவே ஒரு முழு நாள் தரலாம். கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியில் இடம் வேண்டுமென்றால் ஊரிலேயே முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்து, அரக்கு வழியில் இருக்கும் போராக் குகைக்குள் நாங்கள் நுழைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. உள்ளே ஈரப் படிக்கட்டுகள், இறக்கம். இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும் என்பது அம்மாவுக்கு முழங்கால் வலித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அரக்கில் ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை கார் பிடித்து, இறங்கும் வழியில் குகையைப் பாருங்கள். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறை விழுதுகளைத் தொடாதீர்கள், கையின் எண்ணெய்ப் பசை அவற்றைக் கெடுக்கும். ஒரு விழுதின் நுனியில் தொங்கிய சொட்டுக்குக் கீழே அம்மா உள்ளங்கையை நீட்டிக் காத்திருந்தார். வெகுநேரம் அது விழவே இல்லை. கடைசியில் விழுந்ததும் வளையலுக்குள் வழிந்து ஓடியது. அந்தச் சொட்டுகள் விட்டுப்போகும் சுண்ணாம்பில்தான் விழுதுகள் வளர்கின்றன.

சிம்மாசலம் கோயிலில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். வராக லட்சுமி நரசிம்மரின் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறது. அட்சய திருதியை அன்று மட்டுமே உண்மையான உருவம் தெரியும். முன்கூட்டித் தெரிந்துகொண்டு போனால் குறையாகத் தோன்றாது. இந்தக் கோயிலின் மிகப் பழைய கல்வெட்டு முதலாம் குலோத்துங்கன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டின் கடைசி. விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப் பட்டினம் என்ற பெயர் ஒரு காலத்தில் வழங்கியது. தமிழ் பேசுகிறவர்கள் அதை அறியாமல் திரும்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பீமிலி என்ற கடற்கரை ஊருக்குப் போகும் சாலையை விட்டுவிடுவதும் பெரிய தவறு. ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கடல். வழியில் தொட்லகொண்டா குன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பௌத்தத் துறவிகள் மழைநீருக்காகப் பாறையில் வெட்டிய தொட்டிகளால் வந்த பெயர். நம் தொட்டிதான் அது. மேலே நிழல் குறைவு, காலையில் ஏறிவிடுங்கள். அதே சாலையில் வரும் செம்மண் குன்றுகளில் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், மேலே ஏறிச் சரிக்கவும் வேண்டாம்.

பீமிலிக்குப் போவது அரக்குக்கு முன்பா, பின்பா என்று கேட்டால், பின்பு என்பேன். போராக் குகையை ஒட்டிப் பாயும் கோஸ்தனி ஆறு மலையிறங்கி வந்து பீமிலியில்தான் கடலில் சேர்கிறது. இரண்டாம் பயணத்தில் அந்த முகத்துவாரத்தில் நிற்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் குனிந்து தண்ணீரில் கை வைத்து, குகைக்குள் நீட்டிய அதே உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.