ஊருக்குப் போகுமுன் வைத்தியரிடம் ஒரு தடவை

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கோ இந்தியாவுக்கோ சொந்தங்களைப் பார்க்கப் போகிறீர்களா? விமானச் சீட்டு எடுத்த கையோடு குடும்ப வைத்தியரிடமும் நேரம் குறித்துவிடுங்கள். பயணத்துக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகள் இருக்கும்போதே போனால் நல்லது. சில ஊசிகளை இரண்டு தடவை போட வேண்டும், சிலவற்றுக்கு உடம்பில் வேலை செய்ய இரண்டு கிழமையாவது தேவை. பத்து நாள்தான் மிச்சம் என்றாலும் போங்கள். அப்போது போட்டாலும் பயன் தரும் ஊசிகள் உண்டு.

நம்மில் பலர் போவதில்லை. "நாங்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன வரப்போகிறது?" என்ற எண்ணம்தான் காரணம். உண்மையில் சுற்றுலாப் பயணிகளைவிட, சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கே நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்) போன்றவை கூடுதலாகத் தொற்றுகின்றன. நாம் நீண்ட நாள் தங்குகிறோம், வீடுகளில் தங்குகிறோம், கொடுப்பதை மறுக்காமல் குடிக்கிறோம். நம் பிள்ளைகளோ அந்த மண்ணின் கிருமிகளை ஒருநாளும் சந்திக்காதவர்கள்.

செங்கண்மாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் ஏ என்ற வகை, ஊரில் வளர்ந்த பலருக்குச் சிறு வயதில் தெரியாமலே வந்து போயிருக்கும். ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது இல்லை. வயது கூடக் கூட இந்த நோயின் கடுமையும் கூடும் என்பதால், பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். போகுமுன் ஓர் ஊசி, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து இன்னொன்று. நெருப்புக்காய்ச்சல் ஊசியை இரண்டு வயதிலிருந்து போடலாம். அதன் பலன் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் நிற்கும் என்பதால் போன தடவை போட்டது இந்தத் தடவைக்குப் போதாமல் போகலாம். முழுப் பாதுகாப்பும் தராது. ஆகவே கொதித்தாறிய நீர், மூடி திறக்காத போத்தல் நீர் என்ற ஒழுங்கைக் கைவிட வேண்டாம். ஐஸ் கட்டியும் தண்ணீர்தான். பிரித்தானியாவில் இந்த இரண்டு ஊசிகளும் பொதுவாக இலவசம். மற்ற நாடுகளில் காப்புறுதி நிறுவனத்திடம் முதலே கேளுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறீர்களா? இலங்கை 2019இல் சின்னமுத்தை (தட்டம்மையை) ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது, ஆனால் 2023இல் அது மீண்டும் பரவியது. வழக்கமாக ஒரு வயதளவில் போடும் அந்த ஊசியை, பயணத்துக்காக ஆறு மாதத்திலிருந்தே போடலாம். பிறகு வழமையான இரண்டு ஊசிகளையும் போட்டே ஆக வேண்டும், முன்கூட்டிப் போட்டது கணக்கில் வராது. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி ஆகாது.

நான் அதிகம் கவலைப்படுவது நாய்க்கடியைப் பற்றித்தான். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை தெருநாயைக் கண்டதும் தடவப் போகும். கீறல் விழுந்தால், ஏச்சு விழுமென்று பயந்து சொல்லாமலும் விடும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். ஆனால் கடித்த உடனே செயற்பட்டால் முற்றாகத் தடுக்கலாம். சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள், சிறு கீறலானாலும் அன்றைக்கே பெரிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நீண்ட நாள் தங்கப் போகும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதை நான் வலியுறுத்துவேன். செலவுதான், ஆனால் போட்டிருந்தால் கடித்த பின் தேவைப்படும் இம்யூனோகுளோபியூலின் என்ற மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. அது எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைக்காது. முன்பே போட்டவர்களுக்குக் கடித்த பின் மேலதிகமாகச் சில ஊசிகள் மட்டும் போட்டால் போதும். நாய் கீறினால் ஏச மாட்டேன், உடனே சொல் என்று விமானம் ஏறுமுன்னே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம் நுளம்பு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. இந்தியாவில் மலேரியா இன்னும் இருக்கிறது, அங்கேயும் போவதென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். டெங்கு இரண்டு நாட்டிலும் உண்டு. 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. வடக்கு கிழக்கில் மாரி மழையோடு, அதாவது பலர் நத்தார் விடுமுறைக்குப் போகும் அதே காலத்தில், அது கூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே இரவு வலை மட்டும் போதாது. டீட் அல்லது பிகாரிடின் கலந்த, நுளம்பை விரட்டும் பூச்சு, முழுக்கைச் சட்டை இரண்டும் வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதிப்படும் நேரத்தில்தான் டெங்கு ஆபத்தாக மாறும். கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, பல் முரசில் இரத்தம், மிகுந்த சோர்வு என்று எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு வேறு வகை டெங்கு தொற்றினால் கடுமை கூடலாம், ஊரில் இருந்த காலத்தில் வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெள்ளம் நின்ற இடங்களில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியது அப்படியான மழைக்குப் பிறகுதான்.

பிரஷர், சலரோகக் குளிசைகளைப் போகும் நாட்களுக்கும் மேலே ஒரு கிழமைக்குக் கூடுதலாக எடுத்து, கைப்பையில், அசல் பெட்டியோடு வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். கனடாவின் கிழக்குப் பகுதிக்கும் இலங்கைக்கும் ஏறக்குறைய பத்து மணி நேர வித்தியாசம் என்பதால், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவதென்று முதலே கேட்டு எழுதி வாருங்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், வேதிப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது உங்களுக்கு இருக்கும் வருத்தங்களை மறைக்காதீர்கள், மறைத்தால் பணம் தர மறுப்பார்கள். இலங்கையில் இலவச அம்புலன்ஸ் எண் 1990, தமிழ்நாட்டில் 108. இரண்டையும் பிள்ளைகளின் போனிலும் பதிந்துவிடுங்கள்.

திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், சாதாரணத் தடிமன் என்று விடாமல், எந்த நாட்டுக்கு எப்போது போய் வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். இந்தியாவுக்குப் போனவர்கள் ஓராண்டு வரைக்கும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மலேரியா அவ்வளவு தாமதித்தும் வெளிப்படலாம்.