ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா: கேட்பவரும் வாசிப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா, நான்கு பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்பு, பி ஃபிளாட் மேஜர் சுருதியில் அமைந்தது. அதன் கையெழுத்துப் படியில் அவர் இட்ட தேதி 1828 செப்டம்பர் 26. அவர் இறந்தது அதே ஆண்டு நவம்பர் 19, தம் 31ஆம் வயதில். இடையில் 54 நாட்கள். இந்தப் படைப்பைப் பற்றிய பெரும்பாலான பிழைகள் இந்த 54 நாட்களிலிருந்து கிளம்புகின்றன. சாகப்போகிறவர் உலகத்திடம் விடைபெறுகிறார் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, ஒவ்வொரு சுரத்திலும் கண்ணீரைத் தேடுகிறோம்.

ஷூபர்ட் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். உடல்நிலை கருதி செப்டம்பர் தொடக்கத்தில் வியன்னாவின் புறநகர்ப் பகுதியில் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டுக்குக் குடிபோனார். அக்டோபர் 2 அன்று லைப்சிக் பதிப்பாளர் ப்ரோப்ஸ்டுக்குக் கடிதம் எழுதினார்: மூன்று சொனாட்டாக்கள் (இதுவும் அவற்றில் ஒன்று) தயாராக இருக்கின்றன, பியானோ கலைஞர் ஹும்மலுக்குக் காணிக்கையாக்க விரும்புகிறேன் என்று. அதே மாதம் ஐசன்ஸ்டாட்டுக்கு நடந்தே போய் இசையமைப்பாளர் ஹைடனின் கல்லறையைப் பார்த்துவந்தார். நவம்பர் 4 அன்று இசை ஆசிரியர் சைமன் ஸெக்டரிடம் கவுண்டர்பாயிண்ட், அதாவது பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் கலை, பாடம் கற்கச் சென்றார். படுக்கையில் விழுந்த பிறகும் நண்பர் ஷோபருக்கு எழுதிய கடிதத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஃபெனிமோர் கூப்பரின் நாவல்கள் வேறு ஏதாவது இருந்தால் அனுப்பும்படி கேட்டார். சாவை எண்ணி மூட்டை கட்டியவரின் நடவடிக்கைகளா இவை?

அவர் சாவை அறியாதவரும் அல்லர். 1822 வாக்கில் பீடித்த மேகநோய் அவரைவிட்டு விலகவே இல்லை. 1824இல் எழுதிய கடிதம் ஒன்றில் உலகிலேயே மிகத் துயரமானவன் நான் என்கிறார். அந்த நிழலோடு ஆறு ஆண்டுகள் வாழ்ந்து, அதற்குள்ளேயே வேலை செய்தவர் அவர். இந்தச் சொனாட்டாவில் இருள் இருக்கிறது. ஆனால் அது செப்டம்பரில் திடீரென்று வந்த இருள் அல்ல.

ஒரே மூச்சில் கொட்டிய இசை என்பதும் தவறு. மூன்று சொனாட்டாக்களுக்கும் முன்வரைவுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைச் சுத்தப் படியோடு ஒப்பிட்டால், அவர் நீட்டியதும் மாற்றியதும் மௌனங்களைச் சேர்த்ததும் தெரியும். நேரம் தாராளமாக நகர்வது கவனக்குறைவால் அல்ல, அவர் வேண்டுமென்றே செய்தது.

இனி இசைக்குள் வருவோம். முதல் பகுதி அமைதியான பாடல் போலத் தொடங்குகிறது. எட்டாவது பாரில் (பார் என்பது இசைக்குறிப்பின் ஒரு தாளக் கட்டம்), கீழ் ஸ்தாயியின் ஆழத்தில், ஜி ஃபிளாட்டின் மேல் ஒரு டிரில்: இரண்டு அடுத்தடுத்த சுரங்கள் வேகமாக மாறி மாறி அதிர்கின்றன. குறிப்பு பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மென்மையான ஒலி. இதை அலங்காரமாக நினைத்து அவசரமாகக் கடப்பவர்கள் உண்டு, இடிமுழக்கமாக்குபவர்களும் உண்டு. ஷூபர்ட் காலத்து வியன்னா பியானோக்களில் சுத்தியல்களுக்குத் தோல் உறை; கீழ்ச் சுரங்கள்கூட மெலிந்து தெளிவாகக் கேட்கும். இன்றைய பெரிய பியானோவில் அதே டிரில் எளிதில் குழம்பி உறுமலாகிவிடும். அதை அடக்கி, ஆனால் இரண்டு சுரங்களும் காதில் விழும்படி வாசிப்பது கடினம். அந்தக் கடினத்தைத் தவிர்க்கக் கூடாது. ஏனென்றால் அந்த ஜி ஃபிளாட் வெறும் ஓசையல்ல. சிறிது நேரத்தில் பாடலே ஜி ஃபிளாட் மேஜருக்கு இறங்குகிறது; அடுத்த கருப்பொருள் எஃப் ஷார்ப் மைனரில் வருகிறது, பியானோவில் அதுவும் அதே கட்டைதான்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் பிழை இதற்கடுத்து வருகிறது. கருப்பொருள்களை அறிமுகப்படுத்தி முடித்ததும், அந்தப் பாகத்தை மீண்டும் வாசிக்கும்படி ஷூபர்ட் குறியிட்டிருக்கிறார். நீளம் கருதிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரே இசையை இருமுறை கேட்பது தேவையா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் தொடக்கத்துக்குத் திரும்பும் பாதையில் ஒன்பது பார்கள் இருக்கின்றன. அவை வேறெங்கும் வருவதில்லை. தடுமாறி, நின்று நின்று, கடைசியில் அந்த டிரில் ஃபார்டிஸ்ஸிமோவில், முழு வலிமையோடு வெடிக்கிறது. முழு சொனாட்டாவிலும் அது உரக்க ஒலிப்பது இந்த ஓர் இடத்தில்தான். மீள்வாசிப்பை விட்டால் இந்த ஒன்பது பார்களும் போய்விடும். ஆல்ஃப்ரட் பிரெண்டல் போன்ற பெரிய கலைஞரே இந்த வெடிப்பு பகுதியின் இயல்போடு ஒட்டவில்லை என்று வாதிட்டு அதை விட்டார். மரியாதையோடு மறுக்கிறேன். ஒட்டாமல் நிற்பதுதான் அதன் வேலை. அதைக் கேட்டபின் திரும்பும் அமைதியான பாடல் முன்பிருந்த பாடலாக இருப்பதில்லை.

வேகம் பற்றியும் ஒரு சொல். குறிப்பு மோல்டோ மோடராட்டோ, மிகவும் மிதமாக. பியானோ கலைஞர் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் இந்தப் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 24 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். அந்தப் பதிவு என்னை உலுக்கியது. ஆனாலும் அதை அளவுகோலாக்கிக்கொண்டு எல்லோரும் ஊர்ந்தால், சி ஷார்ப் மைனரில் வரும் இரண்டாம் பகுதி தன் மெதுமையை இழந்துவிடும். அங்கேதான் காலம் உண்மையில் நிற்க வேண்டும். அப்பகுதியின் பிற்பாதியில் இசை சட்டென்று சி மேஜருக்குத் திரும்பும் கணத்துக்குக் காதைத் தீட்டிவைத்திருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு வரும் ஸ்கெர்ஸோவும் (துள்ளலான மூன்றாம் பகுதி) இறுதிப் பகுதியும் கனமற்றவை என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஷூமன்கூட இந்தக் கடைசிச் சொனாட்டாக்களில் ஏமாற்றமடைந்து எழுதினார். ஹும்மல் 1837இல் இறந்துவிட்டதால், பின்னர் அச்சிட்ட பதிப்பாளர் டியாபெல்லி காணிக்கையை ஷூமன் பெயருக்கே மாற்றியதுதான் வேடிக்கையான விதி.

இறுதிப் பகுதியை ஒரு தனி ஜி ஆக்டேவ் (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிப்பது) தொடங்கிவைக்கிறது, தவறான வீட்டுக் கதவைத் தட்டியதுபோல. இசை சி மைனர் பக்கம் போய், பிறகே பி ஃபிளாட்டுக்கு வருகிறது. அந்த ஆக்டேவ் திரும்பத் திரும்ப வந்து குறுக்கிடுகிறது. முடிவுக்குச் சற்று முன் அது ஜியிலிருந்து ஜி ஃபிளாட்டுக்கு இறங்குகிறது, அங்கிருந்து எஃப்புக்கு. அதன்பின் பிரெஸ்டோ, அதாவது மிக வேகமான பாய்ச்சல். எட்டாவது பாரில் அடித்தளத்தில் அதிர்ந்த அதே ஜி ஃபிளாட் இப்போது வெளிச்சத்தில் நடு ஸ்தாயிக்கு வந்து, ஒரு படி இறங்கி, வழிவிடுகிறது.