லோட் பேலன்சர் விதிகளைத் தானியங்கியாக அமைத்தல்: குமுளியிலிருந்து ஒரு வழிகாட்டி

குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பகுதிகளின் ஏலக்காய்த் தோட்டக்காரர்களும், போடிநாயக்கனூர் வியாபாரிகளும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் தொழிலாளர்களும் ஒரே செயலியைக் கைப்பேசியில் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் கீழ் நடக்கும் மின்னணு ஏலத்தின் விலைகளை ஒரு சர்வர் காட்டுகிறது. கூலிக் கணக்கையும் வருகைப் பதிவையும் இன்னொன்று பார்த்துக்கொள்கிறது. பழைய ஆண்டுகளின் விலைகளைக் குறைந்த செலவில் ஓடும் மூன்றாவது சர்வர் தருகிறது. மூன்றுக்கும் முன்னால் ஒரு லோட் பேலன்சர் நின்று, வரும் கோரிக்கையின் முகவரியைப் பார்த்து உரிய சர்வருக்கு அனுப்புகிறது. அந்த அனுப்புகை விதிகளைக் கிளவுட் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் கையால் சொடுக்கி அமைக்காமல், ஒரு கோப்பிலிருந்து தானாக உருவாகும்படி செய்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

விதிகள் மூன்று மட்டும் இருக்கும்போது கன்சோலே போதும் என்று தோன்றும். ஆனால் மொழிக்கு ஒன்று, பழைய செயலிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று அவை பெருகும்போது, எந்த விதி ஏன் இருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது. எந்தக் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்ற முடிவு, நிரல் எழுதாதவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கிளவுடுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் கருவியிடம் விட வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை மண்டலத்தில் உள்ள அப்ளிகேஷன் லோட் பேலன்சரையும் கோப்பில் எழுதியபடி கிளவுடில் வேண்டியவற்றை உருவாக்கும் டெராஃபார்ம் கருவியையும் எடுத்துக்கொள்கிறேன். 2023இல் டெராஃபார்மின் உரிமம் மாறியபின் அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபுவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இங்கே சொல்வது ஏறத்தாழ அப்படியே பொருந்தும். கீழே தமிழில் எழுதியுள்ள பாதைகளையும் பெயர்களையும் உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல்

யாமல் (YAML) என்ற எளிய உரை வடிவில் ஒரு கோப்பை உருவாக்கி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர், ஒரு வரிசை எண், பாதை, செல்லும் இடம், காரணம் ஆகியவற்றை எழுதுங்கள்.

பழையவிலை
  வரிசை: 100
  பாதை: /விலை/பழைய/*
  செல்லும் இடம்: பழைய விலை சர்வர்
  காரணம்: அன்றைய விலை சர்வரின் சுமையைக் குறைக்க

விலை
  வரிசை: 200
  பாதை: /விலை, /விலை/*
  செல்லும் இடம்: விலை சர்வர்
  காரணம்: அன்றைய ஏல விலை

கணக்கு
  வரிசை: 300
  பாதை: /கணக்கு, /கணக்கு/*
  செல்லும் இடம்: கூலிக் கணக்கு சர்வர்
  காரணம்: தொழிலாளர் வருகையும் கூலியும்

காரணம் என்ற வரியை லோட் பேலன்சர் பார்ப்பதில்லை என்றாலும் அதை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த விதியை நீக்கலாமா என்று யோசிப்பவருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

லோட் பேலன்சர் விதிகளைச் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆகவே குறுகிய பொருத்தம் முன்னாலும் பரந்த பொருத்தம் பின்னாலும் இருக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் 100ஐயும் 200ஐயும் இடம் மாற்றினால், பழைய விலைக்கான கோரிக்கைகள் எல்லாம் அன்றைய விலை சர்வருக்கே போய்ச் சேரும்; பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் அதைக் கண்டுபிடிக்க நாளாகும்.

பாதையை இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. '/விலை*' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், நாளை யாராவது '/விலைப்பட்டியல்' என்றொரு புதிய பக்கத்தைத் தொடங்கும்போது அதுவும் இந்த விதியில் சிக்கிக்கொள்ளும். '/விலை' என்றும் '/விலை/*' என்றும் தனித்தனியாக எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. பாதையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கருதப்படும். ஹோஸ்ட் பெயரில், அதாவது முகவரியின் தளப் பெயரில், அந்த வேறுபாடு இல்லை. ஒரு விதிக்குள் நிபந்தனை மதிப்புகள் ஐந்துதான் அனுமதி என்பதால், இரண்டு பாதைகளோடு இரண்டு ஹோஸ்ட் பெயர்களைச் சேர்த்தாலே நான்கு ஆகிவிடும். ஐந்துக்கு மேல் தேவைப்பட்டால் விதியை இரண்டாக்குங்கள்.

வரிசை எண்களை 1, 2, 3 என்று நெருக்கமாக வைக்காமல் நூறு நூறாக விட்டு வைத்திருப்பதைக் கவனியுங்கள். 1 முதல் 50,000 வரை எண்கள் இருக்கின்றன. சிக்கனம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே லிசனரில், அதாவது லோட் பேலன்சர் கோரிக்கைகளை ஏற்கும் ஒரே போர்ட்டில், இரண்டு விதிகளுக்கு ஒரே எண் இருக்க முடியாது. எண்கள் நெருக்கமாக இருந்தால், நடுவில் ஒரு விதியைச் செருகும்போது பின்னால் உள்ள எல்லாவற்றையும் தள்ள வேண்டியிருக்கும். டெராஃபார்ம் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றும்போது, இன்னும் நகராத விதியின் எண்ணோடு மோதி வேலை பாதியில் நின்றுவிடும்.

பட்டியலிலிருந்து விதிகளை உருவாக்குதல்

யாமல் கோப்பைப் படித்து ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு விதியை உருவாக்க டெராஃபார்மில் 'கவுன்ட்' என்றும் 'ஃபார் ஈச்' என்றும் இரண்டு வழிகள் உண்டு. விதிகளுக்குக் கவுன்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கவுன்ட் முறையில் ஒவ்வொரு விதியும் பட்டியலில் அது இருக்கும் இடத்தால் அறியப்படுகிறது. இரண்டாவது பதிவை நீக்கினால் மூன்றாவது இரண்டாவதாகி, நான்காவது மூன்றாவதாகி, தொடாத விதிகளையும் மாற்ற வேண்டும் என்று கருவி முடிவு செய்துவிடும். ஃபார் ஈச் முறையில் 'கணக்கு' என்ற பெயரே அந்த விதியின் அடையாளம். மற்றவை வந்தாலும் போனாலும் அது அசையாது.

ஒரு விதி கோரிக்கைகளை அனுப்பும் சர்வர்களின் தொகுதியான டார்கெட் குரூப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்வரின் போர்ட் எண்ணை மாற்றினால் டார்கெட் குரூப்பைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். ஆனால் ஒரு விதி பழைய குரூப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அதை அழிக்க அமேசான் அனுமதிக்காது. எனவே அழிப்பதற்கு முன் உருவாக்கும்படி அந்தப் பகுதியில் குறிப்பிட வேண்டும். அப்படிச் செய்யும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும் என்பதால், நிலையான பெயரைக் கொடுக்காமல் பெயரின் முன்னொட்டை மட்டும் கொடுங்கள். அந்த முன்னொட்டு ஆறு எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது.

சர்வர் சரியாக இயங்குகிறதா என்று லோட் பேலன்சர் பார்க்கும் ஹெல்த் செக்கின் இயல்பான அமைப்பு, அமேசானில், 30 வினாடிக்கு ஒருமுறை பார்த்து, இரண்டு முறை தொடர்ந்து தவறினால் சர்வரை ஒதுக்குவது. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம். விலை சர்வருக்கு அந்த 30 வினாடி இடைவெளியை 10 வினாடியாகக் குறைப்பது நல்லது. ஹெல்த் செக் தொடும் பக்கம் வெளியிலிருந்து விலையை எடுத்துவரும் பக்கமாக இருக்கக்கூடாது. வெளி மூலம் தாமதித்தால் உங்கள் சர்வர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பழுதானவையாகத் தோன்றிவிடும்.

எந்த விதிக்கும் பொருந்தாத கோரிக்கைக்கு இயல்பு விதி ஒன்று கட்டாயம் இருக்கும். அதை ஏதாவது ஒரு சர்வருக்கு அனுப்புவதைவிட, 404 (பக்கம் இல்லை) என்ற நிலையான பதிலைத் தரும்படி அமைப்பதையே பரிந்துரைக்கிறேன். பட்டியலில் விடுபட்ட பாதை உடனே கண்ணில் படும். 80ஆம் போர்ட்டுக்கு (http) வருவதை எல்லாம் 443க்குத் (https) திருப்பிவிட ஒரே ஒரு விதி போதும்.

தமிழா, மலையாளமா: எல்லையில் எழும் கேள்வி

கேரளத்திலிருந்து வருபவருக்கு மலையாளப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குத் தமிழ்ப் பக்கம் என்று ஐபி முகவரியை வைத்து விதி எழுதலாமே என்ற யோசனை இங்கே அடிக்கடி எழுகிறது. சென்னையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து பார்த்தால் அது நியாயமாகத் தெரியும். குமுளியில் எல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் கைப்பேசி அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கலாம். வண்டன்மேட்டில் வேலை செய்யும் உத்தமபாளையத்துப் பெண்ணிடம் தமிழ்நாட்டு சிம் இருக்கலாம். பீருமேடு, தேவிகுளம் வட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் கேரளத்துக்காரர்களே. ஐபி முகவரி இவர்களில் யாருடைய மொழியையும் சொல்லாது. உலாவி அனுப்பும் மொழிக் குறிப்பை வைத்தும் விதி எழுத முடியும் என்றாலும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களில் பலரும் கைப்பேசியை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால் அதுவும் கைகொடுப்பதில்லை.

மொழியைப் பயனரே ஒருமுறை தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்தபின் முகவரியின் ஹோஸ்ட் பெயர் மொழியைச் சொல்லட்டும். தமிழுக்கு ஒரு துணைப் பெயர், மலையாளத்துக்கு ஒரு துணைப் பெயர் என்று வைத்தால் லோட் பேலன்சரில் ஹோஸ்ட் நிபந்தனை ஒன்றே போதும்.

கையால் அமைத்தவற்றை உள்ளே கொண்டுவருதல்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விதிகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. டெராஃபார்ம் 1.5ஆம் பதிப்பிலிருந்து 'இம்போர்ட்' என்ற பகுதியைக் கோப்பிலேயே எழுதலாம். ஒவ்வொரு விதியின் அமேசான் அடையாளத்தையும் உங்கள் பட்டியலில் உள்ள பெயரோடு இணைத்தபின், என்ன மாறும் என்று மட்டும் காட்டும் பிளான் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று வரும்வரை பட்டியலைத் திருத்துங்கள். கிளவுடில் உள்ளதைத் தொடாதீர்கள். வரிசை எண்களை அழகுபடுத்தும் ஆசையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள்.

எங்கிருந்து ஓட்டுவது

மாற்றங்களை நடைமுறைப்படுத்தும் அப்ளை கட்டளையை மடிக்கணினியிலிருந்து ஓட்ட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையில் மின்சாரமும் இணைப்பும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் அறுந்தால் சில விதிகள் மாறியும் சில மாறாமலும் இருக்கும். என்னென்ன உருவாகியிருக்கின்றன என்று டெராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பின் பூட்டும் திறக்கப்படாமலே கிடக்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கிச் சேவை ஒன்றில் ஓட்டினால் உங்கள் அறையின் மின்தடை அதைத் தொடாது. அமேசானில் நுழைய நிரந்தரச் சாவிகளை அங்கே சேமித்து வைக்காமல், ஓஐடிசி (OIDC) என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாகக் குறுகிய காலச் சான்றுகளைப் பெறும்படி அமையுங்கள். ஸ்டேட் கோப்பை அமேசானின் கோப்புச் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட்டில், பழைய பதிப்புகளும் காக்கப்படும்படி வைத்துப் பூட்டையும் இயக்குங்கள், டெராஃபார்ம் 1.10ஆம் பதிப்பிலிருந்து எஸ்3யே பூட்டைக் கவனித்துக்கொள்ள முடிவதால், அதற்கென்று தனியாக டைனமோடிபி தரவுத்தள அட்டவணை தேவையில்லை.

பிளானுக்கு முன் பட்டியலைச் சோதிக்க ஒரு சிறு நிபந்தனையை எழுதிவிடுங்கள். வரிசை எண்களின் எண்ணிக்கையும் திரும்ப வராத வரிசை எண்களின் எண்ணிக்கையும் சமமாக இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இது இல்லாவிட்டால் இரட்டை எண் பிளானில் தப்பி, அப்ளை நடக்கும்போதுதான் பிழையாக வெளிவரும். பிளானின் முடிவை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தபின், சேமித்த அதே பிளானையே அப்ளை செய்யுங்கள். அப்போதுதான் படித்ததும் நடப்பதும் ஒன்றாக இருக்கும். படிப்பவர் முதலில் தேட வேண்டியது அழிப்பு வரிகளை. ஒரு பாதையை மட்டும் திருத்தியிருக்கும்போது பிளானில் அழிப்பு என்று வந்தால், ஒப்புதல் தராமல் காரணத்தைக் கேளுங்கள்.

விலை சர்வரின் புதிய பதிப்பைக் கொண்டுவரும்போது ஒரே விதியில் இரண்டு டார்கெட் குரூப்களுக்கு எடை கொடுக்கலாம். பழையதற்கு 95, புதியதற்கு 5 என்று தொடங்கிப் படிப்படியாக மாற்றலாம். எடை 0 முதல் 999 வரை இருக்கலாம். புதிய குரூப்பில் உள்ள சர்வர்கள் எல்லாம் பழுதாகிவிட்டாலும், அதன் பங்கைப் பழைய குரூப்புக்கு லோட் பேலன்சர் தானாகத் திருப்பிவிடாது. நூற்றில் அந்த ஐந்து கோரிக்கைகளுக்குப் பிழையே பதிலாக வந்துகொண்டிருக்கும். ஆகவே எடை மாற்றத்தைப் போடியில் விற்பனை நடக்கும் நேரத்தில் செய்யாதீர்கள். செய்தபின் புதிய குரூப்பின் பிழை எண்ணிக்கையை யாராவது ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

கூகுள் கிளவுடைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். அங்கே ஃபார்வர்டிங் ரூல் என்பது ஐபி முகவரியையும் போர்ட்டையும் டார்கெட் ப்ராக்ஸியோடு இணைப்பதோடு நின்றுவிடுகிறது. பாதையைப் பார்த்து முடிவெடுப்பது யுஆர்எல் மேப். அதன் எளிய பாதை விதிகளில் எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை, மிக நீளமாகப் பொருந்தும் பாதையே வெல்லும். பட்டியலை அப்படியே எடுத்துச் செல்லலாம். வரிசை எண் என்ற வரி மட்டும் அங்கே தேவைப்படாது.

சோதனையும் கண்காணிப்பும்

அப்ளை முடிந்ததும் அதே பட்டியலைப் படித்து ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கோரிக்கை அனுப்பி, எந்த சர்வர் பதிலளித்தது என்று பார்க்கும் சிறு நிரலையும், தானாக ஓடும் படிகளின் வரிசையான பைப்லைனில் சேருங்கள். இதற்காக ஒவ்வொரு சர்வரும் தன் பெயரைப் பதிலின் ஹெட்டரில் (தலைப்பு வரியில்) சொல்ல வேண்டும். 200 (சரி) என்று வந்தால் மட்டும் போதாது, தவறான சர்வரும் 200 தரக்கூடும். '/விலைப்பட்டியல்' போன்ற பொருந்தக்கூடாத பாதை ஒன்றையும் அனுப்பி, 404 வருகிறதா என்று பாருங்கள்.

நள்ளிரவில் ஒருமுறை பிளானைத் தானாக ஓட்டி, விரிவான வெளியேறு குறியீட்டைக் கேளுங்கள். 0 என்றால் பட்டியலும் கிளவுடும் ஒத்திருக்கின்றன. 2 என்றால் வேறுபாடு இருக்கிறது. 1 என்றால் பிளானே ஓடவில்லை. 2 வந்தால் உடனே தானாக அப்ளை செய்யும்படி அமைக்காதீர்கள். அவசரத்தில் ஒருவர் கன்சோலில் ஒரு விதியை மாற்றி விலைப் பக்கத்தைக் காப்பாற்றியிருக்கலாம். இயந்திரம் அதை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். குழுவுக்குச் செய்தி மட்டும் போகட்டும். மாற்றியவரே மறுநாள் காலையில் அந்த மாற்றத்தைக் காரணத்தோடு பட்டியலில் எழுதிச் சேர்க்கட்டும்.