மலிவு ரிசீவர்: அட்டைப்பெட்டி சொல்லாத கணக்கு

வேலூர், காட்பாடி பக்கம் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கப் போகிற வீடுகளில், ஒயர் இழுப்பதைவிட ஏற்கெனவே வாங்கி வைத்த ரிசீவருக்கு, அதாவது எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டிக்கு, சமாதானம் சொல்லத்தான் அதிக நேரம் போகிறது. ஒயரை மாற்றிச் சொருகுவது, ரிமோட்டில் தப்பான இன்புட் வைப்பது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாட்டைப் பார்த்து வாங்குவது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சத்துவாச்சாரியில் ஒரு தம்பி, "இன்னாண்ணா, சேனலுக்கு 140 வாட் போட்டிருக்கான். அஞ்சு சேனல், மொத்தம் 700!" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினான். அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும். அதாவது மற்ற நாலு ஸ்பீக்கரும் சும்மா கிடக்க, ஒன்றில் மட்டும், ஒரே ஒரு சுருதியில், சத்தம் பிசிறடிக்கும் வரை முறுக்கி எடுத்த எண். அதே மெஷினின் மேனுவலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் வேறு கணக்கு: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம், இரண்டு சேனல் ஓடும்போது 70 வாட்.

இரண்டுமே பொய் கிடையாது. ஆனால் இரண்டு மாடலை ஒப்பிட உதவுவது பின்னதுதான். ஐந்தும் ஒன்றாக முழங்கினால் அந்த 70-ம் இறங்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மர். விலையைக் குறைக்கக் கை வைக்கிற இடங்களில் அது முக்கியமானது. தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும்.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. 140-ஐ நம்பி அவன் 4 ஓம் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேறு வாங்கியிருந்தான். ஓம் குறையக் குறைய ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் கூடும். பின்பக்கம், ஸ்பீக்கர் ஒயர் சொருகும் இடத்திலேயே, 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்? சண்டைக் காட்சியில் சத்தத்தை ஏற்றியதும் உள்ளே 'டக்', ரிலே என்கிற காப்பு சுவிட்ச் விழுந்து ஹாலே அமைதி. மெஷின் டூப்ளிகேட் என்று கடையில் போய்ச் சண்டை போட்டிருக்கிறான்!

செட்டப் மெனுவில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள பேஸ் எல்லாம் சப்வூஃபருக்குப் போனது; அதற்குச் சொந்த ஆம்ப் உண்டு. கொஞ்சம் மூச்சு விட்டது, ஆனால் 4 ஓம் 8 ஆகிவிடாதே. கடைசியில் டவரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான்.

இன்னொன்று. வாட் இரட்டித்தாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். சென்சிடிவிட்டி (ஒரே அளவு வாட்டுக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம்) 87 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 வாங்கினால் அதே 3 டெசிபல் ரிசீவரைத் தொடாமலே கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் எட்டடி தள்ளி உட்காருகிறவருக்குப் படத்தின் பெரும்பகுதி சில வாட்டிலேயே ஓடிவிடும். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

ஷோகேஸில் அடைப்பது

நம்மூர் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் ரிசீவரைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி, மேலே செட்டாப் பாக்ஸ், அதற்கும் மேலே பூ வேலை செய்த துணி. மேல்பக்க ஓட்டைகள் அழகுக்கு வைத்ததல்ல. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், கதவைக் கழற்றிவிடுங்கள்.

7.1

ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த செட். ஐந்து ஸ்பீக்கருக்கே சுவர் போதவில்லை. விடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது

பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் நேராகச் சொருகாதீர்கள். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

இ-ஏஆர்சி இல்லையே என்று ஒதுக்குவது

டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வழி ஏஆர்சி; அதன் புது வடிவம் இ-ஏஆர்சி. டிவி ஆப்பில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் சரவுண்ட்) பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் வருகிறது. அதற்குப் பழைய ஏஆர்சி போதும், ரிசீவருக்கு அட்மாஸ் தெரிந்திருந்தால் சரி. புளூரே டிஸ்கில் வரும், தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலி வேண்டுமென்றால் புளூரே பிளேயரை டிவியில் சொருகாமல் ரிசீவரிலேயே சொருகுங்கள். இதற்காகக் கூடுதல் ஆயிரங்கள் தர வேண்டாம்.

ப்ரீ-அவுட்

வெளியே இருக்கும் ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட் இது. மலிவு மாடல்களில் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான். அப்புறம் தனி ஆம்ப் சேர்க்கும் எண்ணம் இருந்தால், பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.