அறுவைச் சிகிச்சைக்கு முன் தரும் அமைதி மருந்து: அளவு சரியாக அமைய நோயாளி செய்ய வேண்டியவை

அறுவைச் சிகிச்சைக்கு முன் பதற்றத்தைத் தணிக்கத் தரும் மருந்தின் அளவை மயக்கவியல் மருத்துவரே முடிவுசெய்கிறார் என்றாலும், அதற்குத் தேவையான விவரங்கள் பலவும் நோயாளியிடமே இருக்கின்றன. வழக்கமாக உட்கொள்ளும் தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, வலிநிவாரணி ஆகியவற்றின் பெயரையும் அளவையும் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். மதுப்பழக்கத்தை மறைக்காதீர்கள். உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொல்லியிருந்தால், கேட்காவிட்டாலும் அதைத் தெரிவியுங்கள். அந்த ஒரு தகவலே மருந்தைக் குறைக்கவோ முற்றிலும் தவிர்க்கவோ காரணமாகலாம்.

பெரிதும் பயன்படும் மிடசோலம் மருந்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு இரத்தக்குழாய் வழியே பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிகிராம் போதும். அதையும் மருத்துவர் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடமாவது பொறுத்து, நோயாளியின் பேச்சு குழறுகிறதா, இமை தளர்கிறதா என்று பார்த்தே மேற்கொண்டு கொடுப்பார். சரியான அளவில் அச்சம் அடங்கும், கேட்டதற்குப் பதில் வரும், பிறகு நடந்தது பலருக்கு நினைவில் நிற்காது. அளவு மிஞ்சினால் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதை அடைபடலாம், மூச்சும் மேலோட்டமாகிவிடும். ஃபென்டனில் போன்ற வலிநிவாரணியுடன் சேர்கையில், இரண்டின் தனித்தனி விளைவைக் கூட்டினால் வருவதைவிட மூச்சு அதிகமாக ஒடுங்கும். முதியவர்களுக்குக் குறைந்த அளவே போதும் என்பதோடு, சிலருக்கு அமைதிக்குப் பதிலாகக் குழப்பமும் கிளர்ச்சியும் உண்டாகும். குழந்தைகளிடமும் இதைக் காணலாம்.

முந்தைய இரவு பயத்தால் தூக்க மாத்திரையை நீங்களாகக் கூட்டிப் போடாதீர்கள். நெடுநாள் எடுத்துவரும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

அறுவைக்கு முந்தைய அமைதி மருந்து எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பிரான்சில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், லோராசெபம் என்ற மற்றோர் அமைதி மருந்தை 2.5 மில்லிகிராம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதல் மனநிறைவு அடையவில்லை, விழித்தெழத் தாமதமும் ஆயிற்று. ஆகவே “எனக்கு இது அவசியமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்து உள்ளே சென்றபின் கழிவறைக்குக்கூடத் தனியே எழுந்து போகக் கூடாது. ஆக்சிஜன் அளவுமானியை விரலிலிருந்து கழற்றாதீர்கள். அன்றே வீடு திரும்புவதானால் துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். அடுத்த 24 மணி நேரம் வாகனம் ஓட்டுவதையும் முக்கிய ஆவணங்களில் கையொப்பமிடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.