கறுப்பில் சிசிலியன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாவட்டச் சதுரங்கப் போட்டியில், பன்னிரண்டு வயதுப் பையன் கறுப்புக் காய்களோடு நைடார்ஃப் (வெள்ளையின் ஈ4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் சொல்லும் சிசிலியன் தொடக்கத்தின் ஒரு வகை) ஆடிக்கொண்டிருந்தான். வெள்ளை தன் சிப்பாயை ஜி4 கட்டத்துக்குத் தள்ளியதும் அவன் கை நேராக எச்7 சிப்பாய்க்குப் போனது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் வயதில் நானும் அதையேதான் செய்தேன். குதிரையைச் சும்மா கொடுப்பது, கடிகாரத்தை அமுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகும்.

ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவது

வெள்ளை ராணிப் பக்கம் கோட்டை கட்டிவிட்டது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), நீங்கள் ராஜாப் பக்கம். ஜி5 வந்தால் எஃப்6 குதிரை ஓட வேண்டுமே என்று எச்6 ஆடுகிறீர்கள். வெள்ளைக்கு வேண்டியதே அதுதான். இப்போது ஜி5 வந்து உங்கள் சிப்பாயோடு மோதும். நீங்கள் வெட்டினாலும், அவர் வெட்டினாலும் உங்கள் ராஜாவை நோக்கிக் கோடு திறக்கும், யானை வந்து உட்காரும். ஒரு கடைசிச் சுற்றில், டிரா செய்தாலே பரிசு என்ற நிலையில், இப்படித்தான் மேட் வாங்கினேன். இன்னும் ஆறவில்லை.

2006 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில், 16 வயது கிராண்ட்மாஸ்டர் கர்யாகினுக்கு எதிராக ஆனந்த் கறுப்பில் ஆடியதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஜி4-க்கு அவர் பதில் பி5. ஜி5-க்குப் பதில் பி4. குதிரையைப் பேசாமல் ஈ8-க்கு இழுத்துக்கொண்டு, ஏ5, ஏ4, பி3 என்று சிப்பாய்களை ஓட்டினார். 19-ஆவது நகர்த்தலில் பி3-இல் பிஷப்பைக் (மந்திரியை) கொடுத்து ஏ வரிசையைத் திறந்தார். 24-ஆவதில் அந்த ஈ8 குதிரையையே சி7-இல் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளை ராணி அதைத் தின்று, அடுத்து ஈ7 பிஷப்பையும் தின்றது; அதற்குள் இன்னொரு குதிரை சி4-க்கு வந்துவிட்டது. 37 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாய்களை 27-ஆவது நகர்த்தல் வரை அவர் தொடவே இல்லை. அப்போதும் ஜி6-இல் வந்து நின்ற சிப்பாயை வெட்டத்தான் தொட்டார்.

அந்தப் பையனிடம் இதைக் காட்டினேன். "பயமா இருக்காதா சார்?" என்றான். இருக்கும். அதனால்தான் யார் முந்துவது என்று நகர்த்தல்களை எண்ணச் சொல்கிறேன்.

பி2 சிப்பாய் ஆசை

வெள்ளையின் பி2 சிப்பாயை ராணியால் வெட்டும் ஆசை வரும். அடுத்தடுத்த நகர்த்தல்கள் மனப்பாடமாக இல்லையென்றால் தொடாதீர்கள். 1972-இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியோடு நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் ஃபிஷரின் ராணியே அங்கே போய் மாட்டிக்கொண்டது.

ஈ5 ஆடிவிட்டு டி5-ஐ மறப்பது

ஈ5 தள்ளிய பிறகு டி5 கட்டத்தைக் காக்க அந்தச் சிப்பாய் இல்லை; வெள்ளைக் குதிரை அங்கே குடியேறிவிடும்.